ஒரு நாளைக்கு ஒரு தோட்டம்: கோடைப் பயணங்கள் பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். லண்டனிலிருந்து கிளம்பும் கோடைத் தோட்டப் பயணங்களின் தேதிகளை அனுப்பியதிலிருந்து உங்களில் பலர் அழைத்து இரண்டு கேள்விகள் கேட்கிறீர்கள். காலையில் போய் மாலையில் திரும்பும் பயணத்தில் ஒரே ஒரு தோட்டம்தானா? பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்ட பிறகு ரோஜாத் தோட்டம் ஏன் பட்டியலில் இல்லை? இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அதை விளக்கமாகவே சொல்லிவிடுகிறோம்.

இங்கிலாந்தின் நாட்டுப்புறத் தோட்டங்கள் கோடை முழுவதும் ஒரே மாதிரி பூத்திருப்பதில்லை. ஒவ்வொன்றும் உச்சத்தில் இருப்பது சில வாரங்கள்தான். ஹாம்ப்ஷயரில் உள்ள மோட்டிஸ்ஃபான்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு மாளிகைச் சமையலுக்குக் காய்கறி விளைந்த, மதில் சூழ்ந்த தோட்டம் அது. கிரஹாம் ஸ்டூவர்ட் தாமஸ் என்ற ரோஜா வல்லுநர், தாம் தேடிச் சேர்த்த பழைய ரோஜா வகைகளை 1970களில் அங்கே கொண்டுவந்து நட்டார். பெரும்பாலானவை 1900க்கு முன்பே வளர்க்கப்பட்டவை. காற்று அடித்துப் போகாமல் மதில் தடுப்பதால், உள்ளே கால் வைத்ததுமே மணம் வந்து சூழ்ந்துகொள்ளும். ஆனால் இந்தப் பழைய வகைகளில் பல ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். ஜூனில் கொத்துக் கொத்தாய் மலர்ந்து, ஜூலை தொடக்கத்தில் ஓய்ந்துவிடும். இங்கே பள்ளிகள் மூடுவதோ ஜூலை பிற்பாதியில். ஆகஸ்டில் போனால் அந்தச் செடிகளில் இலையும் முள்ளும்தான் மிஞ்சியிருக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் உங்கள் அம்மா அப்பாவை அதற்காக இவ்வளவு தூரம் அழைத்துப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. அதனால்தான் மோட்டிஸ்ஃபான்ட் ஜூன் மாதச் சனிக்கிழமைகளில் மட்டும்.

அடுத்து, மிக அதிகமாக வந்த வேண்டுகோள்: “சிஸிங்ஹர்ஸ்ட்டும் கிரேட் டிக்ஸ்டரும் அரைமணி நேரத் தூரம்தானே, ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாமே?” தூரம் குறைவுதான். ஆனால் இரண்டுக்கும் பருவம் வேறு.

கென்ட்டில் உள்ள சிஸிங்ஹர்ஸ்ட்டை எழுத்தாளர் விட்டா சாக்வில்-வெஸ்ட்டும் அவர் கணவர் ஹெரால்ட் நிக்கல்சனும் 1930இல் வாங்கினார்கள். இடிந்த கட்டடங்களும் குப்பையுமாய்க் கிடந்த இடம். கணவர் நேர்கோடுகளாய்ப் பாதைகளையும் உயிர்வேலிகளையும் வகுத்தார். மனைவி அந்தக் கோடுகளுக்குள் செடிகளைத் தாராளமாய்ப் பொங்கவிட்டார். தோட்டம் முழுவதும் ஒரே பார்வையில் அகப்படாது. யூ மரவேலியில் ஒரு திறப்பு, அதைத் தாண்டினால் வேறு நிறம், வேறு மணம், வேறு வெளிச்சம். முதலில் எல்லாப் பகுதிகளிலும் நடந்துவிட்டு, பிறகு கோபுரத்தில் ஏறிப் பாருங்கள். ஹெரால்டின் கோடுகள் அப்போதுதான் விளங்கும். வெள்ளைப் பூக்களும் சாம்பல் பச்சை இலைகளும் மட்டுமே கொண்ட வெண்தோட்டத்தின் நடுவில், பந்தல் மேல் படர்ந்த வெள்ளைக் கொடி ரோஜா ஜூலை முதல் வாரத்தை ஒட்டிப் பூக்கும். எங்கள் தேதியும் அந்த வாரம்தான். இதை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துக்கொண்டு வண்டி ஏறச் சொல்வது நியாயமாக இருக்காது.

கிரேட் டிக்ஸ்டருக்கு ஆகஸ்டில் போகிறோம். பிள்ளைகளை அழைத்துவர ஏற்றது இதுவே. தோட்டக்கலை எழுத்தாளர் கிறிஸ்டோபர் லாய்ட் அந்த வீட்டிலேயே பிறந்து, 2006இல் மறையும்வரை அந்த மண்ணிலேயே உழைத்தவர். 1990களில், கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வகுத்துத் தந்த பழைய ரோஜாத் தோட்டத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு, அங்கே வாழையும் கல்வாழையும் டாலியாவும் நட்டார். தோட்டக்கலை உலகம் அதிர்ந்தது. எங்கள் கருத்தில் அது அந்நாட்டுத் தோட்டக்காரர் எடுத்த மிகத் துணிச்சலான முடிவுகளில் ஒன்று. நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் வாழை, சசெக்ஸ் குளிரில் எப்படிப் பிழைக்கிறது என்று உங்கள் பெரியவர்கள் கட்டாயம் கேட்பார்கள். குளிர்காலத்தில் அதற்குப் போர்வை கட்டிக் காப்பாற்றுகிறார்கள்.

இன்னொன்றும் இந்த ஆண்டு சேர்த்திருக்கிறோம். சாதாரணக் குடும்பங்கள் தங்கள் வீட்டுத் தோட்டத்தைச் சில நாள்கள் மட்டும் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் இங்கே உண்டு. வட்டாரச் செவிலியர்களுக்கு நிதி திரட்ட 1927இல் தொடங்கிய தேசியத் தோட்டத் திட்டம் அது. முதலாண்டில் 609 தோட்டங்கள், ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். 8,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. இன்றும் அந்தப் பணம் செவிலியர் பணிக்கும் நோயாளிகள் பராமரிப்புக்கும் போகிறது. கிராமத்துச் சாலையில் மஞ்சள் அறிவிப்பைக் கண்டால் இறங்கிவிடலாம். வீட்டுக்காரரே நின்று பேசுவார், பெரும்பாலும் தேநீரும் வீட்டில் செய்த கேக்கும் கிடைக்கும். செடி பற்றித் தயங்காமல் கேளுங்கள். ஆங்கிலேயர் அந்நியரிடம் பேசமாட்டார்கள் என்று நினைப்பவர்கள் டெல்ஃபினியம் என்ற பூச்செடி ஒன்றைக் காட்டிப் பேச்சைத் தொடங்கிப் பார்க்கட்டும்.

சில நடைமுறை விஷயங்கள். ஜூனில் புல் மகரந்தம் அதிகம். ஹே ஃபீவர் உள்ளவர்கள் மாத்திரையைக் காலையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். நெட்டையாய் மணிமணியாகப் பூக்கும் ஃபாக்ஸ்குளோவைப் பிள்ளைகள் பறித்து வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதய மருந்தான டிஜிடாக்சின் எடுக்கப்படும் இனம் அது, முழுச் செடியும் நஞ்சு. கட்டுச்சோறு தாராளமாகக் கொண்டுவரலாம், ஆனால் பூப்பாத்திகளுக்கு நடுவே விரித்துச் சாப்பிடக் கூடாது. அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் நிறுத்துவோம். வெயிலடித்தாலும் மழைச்சட்டை கையில் இருக்கட்டும்.

குளிர் நீண்டால் பூக்கள் ஒரு வாரம் பிந்தும். ஆகவே மோட்டிஸ்ஃபான்ட் தேதியை மட்டும் மே இறுதியில் உறுதிசெய்து குறுஞ்செய்தி அனுப்புவோம். மாறிய தேதி உங்களுக்கு ஒத்துவராவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும். உடன் வரும் பெரியவர்களுக்கு முழங்கால் வலி இருந்தாலோ சக்கர நாற்காலி தேவைப்பட்டாலோ பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். செங்கல் பாதைகளும் படிகளும் உள்ள இடங்கள் இவை. முன்கூட்டித் தெரிந்தால் எந்த வாசல் வழியாக அழைத்துப்போவது என்று தோட்டத்தாரிடம் கேட்டு வைத்துவிடுவோம்.

அன்புடன்,
உங்கள் பயண அலுவலகத்தார்