விறகடுப்பையும் விசாரிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்பட்ட மூச்சடைப்பு நோய் குறித்துத் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரை, அதனைப் பீடி, சிகரெட் பிடிப்போரின் நோய் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. உசிலம்பட்டி வட்டாரத்தில் விலங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், பீடியைக் கையால் தொடாத தாயை அந்நோய்க்குப் பறிகொடுத்தவன் என்ற முறையிலும் இதனை எழுதுகிறேன்.

இந்நோயில் நுரையீரல் கெடும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இரத்த வெள்ளணுக்களில் பெரும்பான்மையான நியூட்ரோபில்கள், விழுங்கிய கிருமிகளின் புரதத்தை வெட்டுவதற்காக எலாஸ்டேஸ் என்னும் நொதியைச் சிறு பைகளில் அடைத்து வைத்திருக்கின்றன. அது வெளியே சிந்தினால், நுரையீரலின் காற்றறைகள் விரிந்து சுருங்கக் காரணமான எலாஸ்டின் நாரையும் வெட்டிவிடும். நொதிக்கு இரண்டும் புரதம்தான். அதனைக் கட்டிப்போடுவது கல்லீரலில் உருவாகும் ஆல்பா-1 ஆன்டிட்ரிப்சின் என்னும் புரதம். இப்புரதம் பிறவியிலேயே குறைந்திருந்தவர்களுள் சிலருக்கு இளவயதிலேயே நுரையீரல் கெட்டிருந்ததை 1963ஆம் ஆண்டு சுவீடனில் லாரல், எரிக்சன் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் எடுத்துக்காட்டினர். சிகரெட் புகை வெள்ளணுக்களை நுரையீரலில் குவிப்பதோடு, இந்தக் காவற்புரதத்தையும் ஆக்சிஜனேற்றம் செய்து செயலிழக்க வைக்கிறது. அந்த அளவில் கட்டுரையாளர் சொன்னது சரியே.

ஆனால், விறகுப் புகையும் வெள்ளணுக்களை நுரையீரலுக்கு வரவழைக்கும். என் தாய் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சன்னலில்லாத சமையற்கட்டில் சீமைக்கருவேல விறகை எரித்துச் சமைத்தவர். கடைசிக் காலத்தில் ஊதுகுழலில் ஒருமுறை ஊதிவிட்டு, மறுமுறை ஊதுவதற்குள் சுவரில் சாய்ந்து இளைப்பு வாங்குவார். உள்ளூரில் பார்த்த மருத்துவர், பீடி குடிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டு, இல்லை என்றதும், 'வீசிங்' என்று ஊசி போட்டு அனுப்பினார். எந்த அடுப்பில் சமைக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரி கருவியில் ஊதச் சொன்னது, பல ஆண்டுகள் கழித்து மதுரைக்கு அழைத்து வந்த பிறகுதான். அறுந்த நார் பழையபடி வளர்வதில்லை என்பதால் அந்தத் தாமதத்தை எந்த மருந்தாலும் ஈடுசெய்ய முடியவில்லை.

எரிவாயு உருளை வீட்டில் இருந்தும், வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகு மூட்டும் பெண்கள் எங்கள் பக்கத்தில் இன்றும் உண்டு. ஆகவே, அடுப்புப் புகையையும் காரணமாகக் குறிப்பிட்டு, மூச்சை ஊதி அளக்கும் பரிசோதனை அவர்களுக்கும் தேவை என்பதை அடுத்த வாரமே அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.