வலையைப் பற்றி நீ கேட்டதற்கு

அன்பு மகள் கயல்விழிக்கு,

கீழே இறங்கிவிட்ட உள்ளுறுப்பைத் தூக்கி நிறுத்த எனக்குச் செயற்கை வலை வைத்து அறுவை செய்யப்போகிறார்கள் என்றதும், "உடம்புக்குள் வலையா? வேண்டாம் அம்மா" என்று சொல்லும்போதே உன் குரல் உடைந்துவிட்டது. குழந்தை அழுததால் பேச்சும் பாதியில் நின்றது. மீதியை எழுதுகிறேன்.

கர்ப்பப்பையை எடுத்த பிறகு இறங்குவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டாய். அதை எடுத்த இடத்தில் பிறப்புறுப்பின் மேல்முனையைத் தைத்து மூடியிருக்கிறார்கள். தாங்கி நிற்கும் தசைநார்கள் தளர்ந்தால் அந்த முனையே, சட்டைக் கை உள்பக்கம் புரள்வதுபோல, கீழே இறங்கிவிடும். சிறுநீர்ப்பையும் கூடவே சரியலாம். காலையில் ஒன்றும் தெரிவதில்லை. தேக்கா சந்தைக்குப் போய்வந்த மாலைகளில்தான் அடியில் கனத்துத் தொங்குகிறது. சிறுநீர் கழித்தாலும் முழுதாகப் போனதாக இல்லை.

நீ படித்த வழக்குகள் பெரும்பாலும் பிறப்புறுப்பு வழியாக வைத்த வலையைப் பற்றியவை. இறக்கத்துக்கென்று விற்ற அந்த வகையை ஆஸ்திரேலியா 2018 ஜனவரியில் பதிவிலிருந்து நீக்கியது. அமெரிக்கா 2019 ஏப்ரலில் விற்பனையை நிறுத்தச் சொன்னது. எனக்குச் செய்யப்போவது வயிற்று வழி அறுவை. சில சிறு துளைகள் போட்டு, கேமராவில் பார்த்தபடியே, வலையின் ஒரு முனையைப் பிறப்புறுப்பின் மேல்முனையிலும் மறுமுனையை முதுகெலும்பின் அடிப்பகுதியில் உள்ள திரிக எலும்பின் முன்புறத்திலும் பொருத்துவார்கள். ஆபத்து இல்லாமல் இல்லை. பின்னாளில் வலை அரித்துக்கொண்டு வெளியே தெரியலாம், அறுவையின்போது குடலோ சிறுநீர்ப்பையோ காயப்படலாம் என்று மருத்துவர் நான் கேட்கும் முன்பே சொன்னார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அதனால்தான்.

இறங்குவதைத் தாங்கிப் பிடிக்க உள்ளே வைக்கும் ரப்பர் வளையத்தையும் வைத்துப் பார்த்தாயிற்று, நிற்காமல் வழுக்கிவிடுகிறது. இடுப்புத்தளத் தசைப் பயிற்சி ஆரம்ப நிலையில் நன்றாக உதவும், என் நிலைக்குப் போதாது.

செலவில் ஒரு பகுதியை, இங்கே சிங்கப்பூரில் மருத்துவச் செலவுக்கென்று இருக்கும் என் சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்து கட்டலாம். சிக்கல் இல்லையென்றால் ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆறு வாரத்துக்குக் கனமானது எதையும் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது. அரிசி மூட்டை இனி உன் தம்பியின் பொறுப்பு.

உன் சித்தி இதே தொல்லையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு வருடக்கணக்காக நடக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பல் வலிக்கு மருத்துவரிடம் போகிறவள் இதற்கு ஏன் கூச வேண்டும்? நீயும் இரண்டு பெற்றவள். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை அங்கே ஒரு பிசியோதெரபிஸ்டிடம் முறையாகக் கற்றுக்கொள், தள்ளிப்போடாதே.

டிக்கெட் எடுப்பதென்றால் அறுவை நாளுக்கு எடுக்காதே. அதற்கு அடுத்த வாரம் வா. அப்பாவின் விடுப்பு முடிந்துவிடும், அப்போதுதான் எனக்குத் துணை வேண்டும்.

அன்புடன்,
அம்மா