வெளியிடும் முறையையும் எழுதி வைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மாவட்டத்துக் கல்லூரி மாணவர்கள் தமிழுக்காகச் செய்யும் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தங்கள் நாளிதழ் அவ்வப்போது செய்தி வெளியிட்டு ஊக்கமூட்டி வருவதை நன்றியுடன் வாசித்து வருகிறேன். அச்செய்திகளில் இதுவரை இடம்பெறாத ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். மென்பொருளை எழுதி முடிப்பது ஒரு வேலை. திருத்திய பதிப்பைப் பயன்படுத்துவோரின் கணினிக்குக் கொண்டு சேர்ப்பது வேறொரு வேலை. முதல் வேலையின் விளைவு, மூலநிரலாக, அதாவது எழுதிய நிரல் வரிகளாக, அவற்றைச் சேமித்து வைக்கும் இணையக் களஞ்சியத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கிறது. இரண்டாவது வேலையை எந்த வரிசையில், எதை எதைச் சரிபார்த்துச் செய்ய வேண்டும் என்பதோ பெரும்பாலும் ஒரே ஒருவரின் நினைவில் மட்டும் இருக்கிறது. அந்த ஒருவர் படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விட்டால் என்ன நேர்கிறது என்பதைக் கடந்த ஆண்டு நான் அருகிலிருந்து பார்த்தேன்.

எங்கள் ஊர் நூல்நிலையத்தின் ஆண்டு மலர்கள் பலவும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்புகளாக இருக்கின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் வடிவங்கள் வரையப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும். தமிழில் ஒரு பெயரைக் கொடுத்துத் தேடவும் முடியாது. ஓய்வு பெற்ற பிறகு, அக்கோப்புகளை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றித் தரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். அதற்குப் பெருந்துணையாக இருந்தது லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்ற ஆவணம் எழுதும் மென்பொருளில் இயங்கும் ஒரு சிறிய நீட்சி, அதாவது அதனோடு சேர்த்து நிறுவும் துணை நிரல். நம் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் படித்த மாணவர் ஒருவர் எழுதி, யாரும் எடுத்துத் திருத்திப் பகிரலாம் என்ற உரிமத்துடன் வெளியிட்டது அது.

அந்த நீட்சியில் ஒரு வழு (நிரல் பிழை) இருந்தது. பழைய எழுத்துருவில் ஔகாரக் குறியின் பிற்பாதியும் 'ள' என்ற எழுத்தும் ஒரே விசையில் வரும். ஆகவே ஒற்றைக்கொம்பு, ஒரு மெய், அதன்பின் 'ள' என்ற வரிசையைக் கண்டவுடன் நீட்சி அதை ஔகாரம் என்று எடுத்துக்கொண்டது. 'கௌரி' சரியாக வந்தது. 'வெள்ளிச்சந்தை' மட்டும் 'வௌ்ளிச்சந்தை' ஆயிற்று, 'வெள்ளமடம்' என்ற ஊர்ப்பெயருக்கும் அதே கதி. வேகமாகப் படிப்பவர் கண்ணுக்கு இந்த வேறுபாடு படாமலே போகலாம். ஆனால் நன்கொடையாளர் பட்டியலில் வெள்ளிச்சந்தைக்காரர்களைத் தேடியபோது ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. என்னிடம் முன்பு படித்து, இப்போது இறுதியாண்டில் இருக்கும் மாணவி ஒருவரிடம் இதைக் காட்டினேன். 'ள'வுக்கு அடுத்து ஒரு புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது மெய்யெழுத்துதான், ஔகாரக் குறி அன்று என்று ஒரே ஒரு வரியைச் சேர்த்து அன்று மாலையே அவர் வழுவைத் தீர்த்துவிட்டார். அந்த ஒரு வரி மற்றவர்களின் கணினிக்குப் போய்ச் சேர நான்கு மாதங்கள் ஆயின.

இந்த நான்கு மாதங்களில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். களஞ்சியத்தில் இருந்த மூலநிரலை எடுத்துத் திருத்தி, நிறுவத் தக்க ஒரே கோப்பாக, அதாவது பொதியாகக் கட்டி, முதலில் எனக்குத் தந்தார் அந்த மாணவி. அதை நிறுவ முடியவில்லை. லிப்ரே ஆபீஸ் நீட்சி என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்புதான். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் பட்டியலும் விவரக் கோப்பும் அந்த ஜிப்பின் முதல் மட்டத்திலேயே கிடைக்க வேண்டும். உள்ளிருப்பவற்றைத் தேர்ந்தெடுத்துச் சுருக்காமல் கோப்புறையையே சுருக்கிவிட்டால், எல்லாம் ஒரு படி கீழே இறங்கிவிடும். நிறுவும்போது லிப்ரே ஆபீஸ் அவற்றைக் காணாமல் பிழை காட்டும். இதைக் கண்டுபிடிக்க மூன்று மாலைப் பொழுதுகள் செலவாயின. யாராவது ஒரு வாக்கியம் எழுதி வைத்திருந்தால் மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கும்.

நிறுவ முடிந்த பிறகு இதைவிடப் பெரிய சிக்கல் தெரிந்தது. முந்தைய பதிப்பில் சரியாக இருந்த 'ஸ்ரீ' இப்போது சிதைந்து வந்தது. பழைய பொதியைப் பிரித்து, களஞ்சியத்தில் இருந்த கோப்புகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். எழுத்து மாற்றப் பட்டியலில் இரண்டு வரிகள் பொதியில் இருந்தன, களஞ்சியத்தில் இல்லை. நீட்சியை எழுதியவர் கடைசி நேரத்தில் தம் மடிக்கணினியில் திருத்தி, அப்படியே பொதி கட்டி வெளியிட்டுவிட்டு, அத்திருத்தத்தைக் களஞ்சியத்தில் சேர்க்க மறந்திருக்கிறார். எந்த நிலையில் இருந்த மூலநிரலிலிருந்து எந்தப் பதிப்பு உருவானது என்று காட்டும் குறியையும், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' (Git) மென்பொருளில் அவர் இடவில்லை. மக்கள் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றாகவும், எல்லோரும் பார்க்கலாம் என்று திறந்து வைத்த மூலநிரல் வேறொன்றாகவும் இருந்திருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்கும் தேவை வரும்வரை அது யாருக்கும் தெரியவில்லை.

பதிப்பெண்ணும் எங்களை அலைக்கழித்தது. விவரக் கோப்பில் எண்ணை உயர்த்தினால் மட்டும் போதாது. புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று லிப்ரே ஆபீஸ் தேடிப் பார்க்கும் புதுப்பிப்புக் கோப்பு வேறோர் இணைய முகவரியில் இருந்தது. அங்கும் எண்ணை மாற்றினால்தான் ஏற்கெனவே நிறுவியிருப்பவர்களுக்குச் செய்தி போகும். அந்த முகவரியும் நீட்சியைப் பதிவேற்றும் தளத்தின் கணக்கும் எழுதியவரிடமே இருந்தன. அந்தக் கணக்கை அவர் கல்லூரி தந்த மின்னஞ்சலில் தொடங்கியிருந்தார். படிப்பு முடிந்ததும் அம்மின்னஞ்சல் முடக்கப்பட்டுவிட்டதால் கடவுச்சொல்லை மீட்கும் வழியும் அடைபட்டிருந்தது. வெளிமாநிலத்தில் வேலை பார்க்கும் அவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் உதவ மறுக்கவில்லை. "சார், என்னென்ன பண்ணினேன்னு எனக்கே இப்ப வரிசையா ஞாபகம் இல்ல" என்று வருத்தத்தோடு சொன்னார். கடைசியில் அவர் பொங்கல் விடுமுறைக்குக் குலசேகரத்துக்கு வந்தபோது, வீட்டுப் பரணில் கிடந்த பழைய மடிக்கணினியை எடுத்துத் திறந்து பார்த்தார். அதில் அந்தக் கணக்கு வெளியேறாமல் அப்படியே திறந்திருந்தது. அன்றுதான் புதிய பதிப்பு வெளியானது. அந்தப் பழைய கணினியை வீட்டார் யாருக்கேனும் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று இன்றும் எண்ணிப் பார்க்கிறேன்.

அந்த இளைஞரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. சம்பளமோ பாராட்டோ எதிர்பாராமல், தம் இரவு நேரங்களைச் செலவிட்டுத் தமிழுக்கு ஒரு கருவி செய்து கொடுத்தவர் அவர். கணினி ஆசிரியராக இருந்த நானும் நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தேனே தவிர, எழுதியதை எப்படி வெளியிட்டு, அடுத்தவரிடம் எப்படி ஒப்படைப்பது என்று ஒரு வகுப்புகூட எடுத்ததில்லை.

பெரிய மென்பொருள்களும் இந்த இடத்தில்தான் இடறுகின்றன. லினக்ஸ் இயங்குதளங்கள் பலவற்றில் பயன்படும் எக்ஸ்-இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளவழி ஒன்று வைக்கப்பட்டிருந்தது 2024 மார்ச் இறுதியில் வெளிப்பட்டது. அதை இயக்கிவிடும் வரிகள் பொதுக் களஞ்சியத்தில் இல்லை; பதிவிறக்கத்துக்காகக் கட்டி வைத்த வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தன. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து ஆராய்ந்த ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளரால்தான் அது பெரிதாகப் பரவுமுன் தடுக்கப்பட்டது. எங்கள் நீட்சியில் நடந்தது மறதி, அங்கே நடந்தது சதி. ஆனால் இரண்டுக்கும் இடம் கொடுத்தது ஒரே ஓட்டை: களஞ்சியத்தில் இருப்பதும் பொதியில் இருப்பதும் ஒன்றுதானா என்று இன்னொருவர் சரிபார்ப்பதற்கான முறை இல்லாதது. காலாவதித் தேதிகளை மறந்தாலும் இப்படியே இடறல் நேரும். 2019 மே 4 அன்று, நீட்சிகள் நம்பத்தக்கவை என்று காட்டும் மின்னணுக் கையொப்பத்துக்குப் பயன்படும் இடைநிலைச் சான்றிதழ் ஒன்று காலாவதியானதால் உலகெங்கும் ஃபயர்பாக்ஸ் உலாவியில் நீட்சிகள் செயலிழந்தன.

கட்டற்ற மென்பொருளின் உரிமங்கள் இதை முன்பே எண்ணிப் பார்த்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 1991-இல் வெளியான குனு பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, முழுமையான மூலநிரல் என்பதற்கு வரையறை தரும்போது, மென்பொருளைக் கட்டவும் நிறுவவும் பயன்படும் கட்டளைக் கோப்புகளையும் அதில் சேர்க்கிறது. நிரலை மட்டும் கொடுத்து, அதை இயங்கும் பொருளாக்கும் வழியைக் கொடுக்காவிட்டால், திருத்தும் உரிமை காகிதத்தோடு நின்றுவிடும் என்ற தெளிவு அதில் இருக்கிறது. தமிழிலும் நல்ல முன்மாதிரி உண்டு. 1999-இல் அறிவிக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையின் அமைப்பு முழுவதும் எழுத்தில் இருந்தது. அதனால்தான் ஒருவர் செய்த தட்டச்சு மென்பொருள் நின்றுபோனாலும் இன்னொருவர் அதே அமைப்பில் புதிதாகச் செய்ய முடிந்தது. பழகிய விரல்கள் மீண்டும் முதலிலிருந்து பழக வேண்டியிருக்கவில்லை.

ஆகவே நீட்சி எழுதும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இது. மூலநிரலோடு சேர்த்து, களஞ்சியத்தின் உள்ளேயே, வெளியிடும் முறையைச் சொல்லும் கோப்பு ஒன்றையும் வையுங்கள். பதிப்பெண் எந்தெந்தக் கோப்புகளில் வருகிறது, பொதியை எந்தக் கட்டளையால் கட்டுவது, கட்டுமுன் எந்த மாதிரி ஆவணங்களை மாற்றிப் பார்த்துச் சோதிப்பது, களஞ்சியத்தில் எப்போது குறி இடுவது, எங்கே பதிவேற்றுவது, வெளியிட்டபின் பிழை தெரிந்தால் முந்தைய பதிப்புக்கு எப்படித் திரும்புவது என்பவையெல்லாம் அதில் இருக்கட்டும். எங்கள் சோதனை ஆவணத்தில் இப்போது 'கௌரி', 'வெள்ளிச்சந்தை', 'வௌவால்', 'ஸ்ரீ' ஆகிய சொற்கள் கட்டாயம் இடம்பெறுகின்றன. ஒவ்வொரு படிக்கும் காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். நீட்சியின் அடையாளப் பெயரை மாற்றாதீர்கள் என்று மட்டும் எழுதினால் அடுத்து வருபவர் அழகுக்காக மாற்றிவிடக்கூடும். மாற்றினால் லிப்ரே ஆபீஸ் அதை வேறொரு நீட்சியாக எண்ணும், பழைய பயனர்களுக்குப் புதுப்பிப்பு போகாது என்றும் சேர்த்து எழுதினால் அவர் கை வைக்க மாட்டார். கடவுச்சொற்களை அக்கோப்பில் எழுதக் கூடாது. அவை யார் யாரிடம் இருக்கின்றன என்பதை எழுத வேண்டும். அப்படிப்பட்டவர் குறைந்தது இருவராவது இருக்க வேண்டும். கணக்குகள் கல்லூரி மின்னஞ்சலில் இருக்கக் கூடாது.

இதையெல்லாம் தானே செய்துவிடும் கட்டளை நிரல்கள் வந்துவிட்டனவே, கோப்பு எதற்கு என்று சில இளைஞர்கள் கேட்டார்கள். அத்தகைய நிரல்களை நானும் வரவேற்கிறேன். ஜிப் கட்டுவது போன்ற வேலையை இயந்திரத்திடம் விடுவதே நல்லது. ஆனால் அந்த நிரல் ஒருநாள் நின்றுபோனால், அது என்ன செய்துகொண்டிருந்தது, ஏன் அந்த வரிசையில் செய்தது என்று அறிந்தவர் ஒருவர் தேவைப்படுவார். அவருக்காகத்தான் கோப்பு. அதைத் தமிழிலும் எழுதலாம் என்பேன். நீட்சி தமிழுக்கானது, அதைப் பராமரிக்க முன்வருபவர் தமிழாசிரியராகவோ அச்சக ஊழியராகவோகூட இருக்கலாம்.

நம் மாவட்டத்துக் கல்லூரிகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு மதிப்பெண் இடும்போது, அதை எழுதிய மாணவர் வாய் திறவாமல் இருக்க, அடுத்த ஆண்டு மாணவர் ஒருவர் அந்தக் கோப்பை மட்டும் படித்துப் புதிய பதிப்பு ஒன்றைக் கட்டி நிறுவிக் காட்ட வேண்டும் என்று வைத்துப் பாருங்கள். தனிச் செலவு எதுவும் இல்லை. ஒரு மணி நேரம் போதும். பேச்சிப்பாறை அணையில் மதகைத் திறப்பவர் மாற்றலாகிப் போனதால் கன்னிப்பூ பருவ நெல் நடவு நின்றுபோனது என்று நாம் கேள்விப்பட்டதில்லை. மென்பொருள் வெளியீட்டிலும் அதே எதிர்பார்ப்பு நியாயமானதுதான். மாணவர்களின் படைப்புகளைப் பற்றி எழுதும்போது, "இதை அடுத்து வெளியிடப்போவது யார், அவருக்கு எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்ற கேள்வியைத் தங்கள் செய்தியாளர்களும் கேட்டால், அதற்காகவே சிலர் எழுதி வைப்பார்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் நீட்சிக்கான கோப்பு இப்போது இரண்டு பக்கம் வந்திருக்கிறது. அடுத்த பதிப்பை வெளியிடப்போகிறவர் குளச்சலைச் சேர்ந்த இரண்டாமாண்டு மாணவர். அவர் இதற்குமுன் எதையும் வெளியிட்டதில்லை. முதலில் எழுதியவரும் வழுவைத் திருத்திய மாணவியும் அன்று அவருக்கு எதுவும் சொல்லித் தரப்போவதில்லை. அவர் எந்த வரியில் தயங்கி நிற்கிறார் என்பதைக் குறித்துக்கொள்வதற்காக நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற கணினி ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.