55 வேண்டாம் தம்பி, 34 போதும்

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
ஆவணி கடைசிக் கிழமை.

அன்பு மகனுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களை நேற்றிரவு சித்தியும் நானும் இருந்து பார்த்தோம். சிவப்பு ட்ராக்டர் மெசின் நல்ல வடிவு. 55 குதிரைவலு, பின்னால் மண்ணைக் கிண்டுகிற ஆறரை அடி ரொட்டவேற்றர். "இதை எடுப்பம் அம்மா, இனி ஒருத்தரிட்டையும் போய் நிக்கத் தேவையில்லை" என்று நீ சொன்னதை இரண்டு தரம் போட்டுக் கேட்டேன். போனில் பதில் சொன்னால் நீ கதைத்து என்னை மடக்கிவிடுவாய். அதுதான் கடிதம் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

மெசின் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். போன காலபோகத்தில், மாரிமழை நெல் விதைப்பில், நடந்ததை உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. ஐப்பசி முதல் மழைக்கு மண் பதமாக இருந்தது. வாடகைக்கு உழுகிறவரைக் கூப்பிட்டால் "நாளைக்கு விடிய வாறன் அக்கா" என்றார். பதினொரு நாள் அதே நாளை. முப்பது ஏக்கர்க்காரனின் வேலையை விட்டுவிட்டு நாலு ஏக்கருக்கு யார் வருவார்? அவர் வந்தபோது அடைமழை தொடங்கிவிட்டது. பிந்தி விதைத்தது பிந்தித்தான் விளைந்தது. அயல் வயல்களை வெட்டிய அறுவடை மெசின் எங்கள் பக்கத்தை விட்டுப் போன பிறகும் எங்கள் நெல் பச்சையாக நின்றது. நாலு ஏக்கருக்காக அது திரும்பி வராது. ஆள் பிடித்துக் கையால் வெட்டினோம். கூலி கொடுத்து மிஞ்சியது விதைநெல்லும் வீட்டுச் சாப்பாட்டுக்கும்தான். மெசின் வாங்குவதென்றால் அந்தப் பதினொரு நாளை மீட்கத்தான் வாங்க வேண்டும். அதற்கு 55 தேவையில்லை.

என்னுடைய கொப்பிக் கணக்கைச் சொல்கிறேன், நீயும் போட்டுப் பார். ஐந்து அடி ரொட்டவேற்றர் என்றால் ஒன்றரை மீற்றர் அகலம். மணிக்கு மூன்று கிலோமீற்றர் ஓடினால் 4500 சதுர மீற்றர், ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. திரும்புகிறது, வரம்பு கடக்கிறது எல்லாவற்றுக்கும் மூன்றில் ஒரு பங்கைக் கழி. மணிக்கு முக்கால் ஏக்கர் நிச்சயம். எங்கள் நாலு, சித்தியின் மூன்று, மாமியின் நாலு, எல்லாமாகப் பதினொரு ஏக்கர். ஒரு தரம் அடிக்கப் பதினைந்து மணித்தியாலம், அதாவது இரண்டு நாள். நீ சொல்கிற ஆறரை அடி அதைப் பதினொரு, பன்னிரண்டு மணித்தியாலத்தில் முடிக்கும். மிச்சம் பிடிக்கிறது ஒரு காலைப்பொழுது தம்பி. ஒரு காலைப்பொழுதுக்காக அவ்வளவு காசா?

கையால் பிடித்து ஓட்டுகிற இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டர் போதுமே என்று மாமி கேட்டா. அதையும் யோசித்தேன். விலை குறைவு, டீசலும் கொஞ்சம்தான் குடிக்கும். ஆனால் இரண்டடி அகலத்தில் கிண்டிக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். ஒரு ஏக்கரை ஒரு தரம் கிண்டி முடிக்க ஏழு கிலோமீற்றர் நடை, அதுவும் சேற்றில், கைபிடியை அமத்திக்கொண்டு. பதினொரு ஏக்கருக்கு நீயே பெருக்கிப் பார். என் முழங்கால் அதற்கு இடம் கொடுக்காது.

அப்பா இருந்தபோது ஒரு மெசினை எடைபோடுகிற விதமே வேறு. மேசி 135 வைத்திருந்தவர் அல்லவா, 45 குதிரைவலுக்குக் கிட்ட வரும் மெசின், பின்சில்லு மட்டும்தான் இழுக்கும். தண்ணி விட்ட வயலில் முதலில் வெறுங்காலோடு தானே இறங்கி நடப்பார். "மெசினை இந்த வயலின் ஆக மோசமான இடத்துக்கு வாங்க வேணும், நல்ல இடத்துக்கு இல்லை" என்பார். எங்களுக்கு அந்த மோசமான இடம் வாய்க்கால் பக்கக் கீழ்த்துண்டு. போன கிழமை மண்வெட்டிப் பிடியைக் குத்திப் பார்த்தேன். மேல்த்துண்டுகளில் ஒரு சாண் போனதும் டக்கென்று நிற்கிறது. கீழ்த்துண்டில் ஒரு முழம் போன பிறகுதான் இறுகிய மண் தட்டுப்படுகிறது. அந்த இறுகிய தட்டுத்தான் தண்ணியைக் கீழே விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. பாரமான மெசின் அதை உடைத்துக்கொண்டு இறங்கினால் மெசினும் புதையும், பிறகு அந்தத் துண்டில் தண்ணியும் நிற்காது. இரணைமடுக் குளத்தில் 36 அடி தண்ணி நிற்கிற வருசம் இது பெரிதாகத் தெரியாது. தண்ணி குறைந்து கோடை விதைப்பான சிறுபோகத்துக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிற வருசம்தான் ஒவ்வொரு வாய்க்கால் தண்ணியின் அருமையும் தெரியும்.

மன்னார் முருங்கன் பக்கத்துக் களிமண்ணில் உழுகிறவர்களுக்கு வேறு கணக்கு இருக்கலாம். எங்களுடையது செம்மண் மேடும் சேற்றுப் பள்ளமும். மேட்டுக்காணி காய்ந்தால் கல்லு மாதிரி, ஆனால் கச்சானுக்கும் உளுந்துக்கும் மழை விழுந்த பிறகுதானே கிண்டப் போகிறோம். மழை விழுந்த செம்மண்ணுக்குச் சின்ன மெசினே போதும்.

அதனால் நான் கேட்பது 30க்கும் 35க்கும் இடையில் ஒன்று. 34 என்று வருகிற மெசின்கள் இங்கே ஓடுகின்றன, பார்த்திருக்கிறேன். முன்சில்லும் சேர்ந்து இழுக்க வேண்டும், பாரம் குறைவாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் சேற்றில் அந்த 55ஐ விட நன்றாகப் போகும். 34 என்று எழுதியிருப்பது முழுதும் ரொட்டவேற்றருக்கு வராது. பின்னால் சுழலும் தண்டுக்கு வரும்போது 30 அளவில் நிற்கும். அதற்கு ஐந்து அடிக்கு மேல் கட்டக்கூடாது. விற்கிறவர்கள் ஆறு அடி கொளுவித் தருகிறோம் என்று ஆசை காட்டுவார்கள். அகலமும் பாரமும் கூடினால் வரம்பு ஏறும்போது முன்பக்கம் மேலே தூக்கும். அப்பாவின் மேசிக்கு முன்னால் கல்லுக் கட்டி ஓட்டியது உனக்கு நினைவிருக்காது, நீ சின்னப்பிள்ளை. எனக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. தலைக்கு மேல் இரும்பு வளைவு இல்லாத மெசினை விலை பேசவே மாட்டேன்.

இன்னொன்று. வயலுக்குப் போகிற மதகை நாடா வைத்து அளந்தேன். ஏழு அடி இரண்டு அங்குலம், அதில் ஒரு பக்கம் சீமெந்து வெடித்திருக்கிறது. ஆறரை அடி ரொட்டவேற்றரைக் கொண்டு நீ எப்படி அதைக் கடப்பாய்? கடந்தாலும் எங்கள் துண்டுகள் சின்னன். பெரிய மெசின் திரும்புகிற மூலை நாலும் கிண்டாமல் கிடக்கும், பிறகு மண்வெட்டியோடு அந்த மூலைகளுக்குள் இறங்குவது நானும் சித்தியும்தான்.

டீசலையும் நினைத்துப் பார். 2022 டீசல் தட்டுப்பாட்டில் கானைத் தூக்கிக்கொண்டு விடியப்புறம் போய் வரிசையில் நின்றவள் நான். பெரிய என்ஜினுக்குப் பெரிய வாய். அதற்கு முன்னம், யுத்தத்தில் இடம்பெயர்ந்து போன நேரம், தேவிபுரத்துக்கு அப்பால் அப்பாவின் மேசியைத் தெருவோரத்தில் விட்டதும் டீசல் முடிந்துதான். மெசினின் பின்பெட்டியில் ஏற்றிவந்த நெல்மூட்டையை இறக்கக்கூட நேரமில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். அதற்குமேல் அதைப் பற்றி எழுத வரவில்லை.

உன்னுடைய காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ஓவர்டைம் எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். போன மார்கழியில் நீ வீடியோவில் வந்தபோது கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. பெரிய மெசினுக்கும் சின்ன மெசினுக்கும் உள்ள வித்தியாசக் காசு உன்னுடைய எத்தனை இரவு? அதை நீ வைத்துக்கொள். நித்திரை கொள்.

ஓட்டுவதற்குச் சித்தியின் பெரியவன் இருக்கிறான், லைசன்ஸ் எடுத்துவிட்டான். சித்தியும் மாமியும் டீசல் காசோடு மணித்தியாலக் கணக்கில் தருவதென்று பேசியாயிற்று. மற்ற ஆட்களுக்கு உழப் போனால் எங்கள் வயல் முடிந்த பிறகுதான், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். திருத்தச் சாமான் பரந்தனிலோ டவுணிலோ கிடைக்கிற மெசினாகத்தான் எடுப்போம். முன்அச்சுக்குள் சேறு போகாமல் இருக்கிற சீல் என்ன விலை, எத்தனை நாளில் எடுக்கலாம் என்று கராஜில் கேட்டுவிட்டுத்தான் முற்பணம் கொடுப்பேன்.

விற்கிறவரிடம் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். காய்ந்த தெருவில் ஓட்டிக் காட்ட வேண்டாம், எங்கள் கீழ்த்துண்டுக்குள் இறக்கிக் காட்டட்டும். முதலில் யோசித்தார், பிறகு சரி என்றுவிட்டார். வெள்ளியும் சனியும் கிணற்று மோட்டாரைப் போட்டு அந்தத் துண்டை ஊற வைக்கிறோம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு மெசின் வரும். உனக்கு அது சனி இரவு ஒன்பதரை. அன்றைக்கு இரவு வேலை எடுக்காதே. உன் தம்பி போனைப் பிடித்துக்கொண்டு வரம்பில் நிற்பான், நீ பின்சில்லைப் பார். பாதிச் சில்லுக்கு மேல் தாழ்ந்தால் சொல்லு, அந்த இடத்திலேயே வேண்டாம் என்றுவிடுவேன்.

அன்புடன்,
அம்மா