அப்பாவின் சாயங்கால டிபன்

அன்புள்ள முரளிக்கு,

மூன்று ஞாயிறாகப் போன் இல்லை. வேலை இருக்கும். அப்பா இன்னமும் ஆறு மணிக்கு மல்லேஸ்வரம் தர்ஷினி ஓட்டலுக்கு டிபன் சாப்பிடப் போகிறார். நீ அன்று சத்தம் போட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தவும் வேண்டாம், நாலு பேரோடு பேச்சு அவருக்கு அங்கேதான். தட்டில் என்ன வாங்குகிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன்தான், இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயதானால் நாக்கு மந்தமாகி, போதவில்லை என்று இன்னொரு கிண்ணம் சாம்பார் கேட்கிறார்கள். ரவா இட்லி உப்பாகத் தெரியாது. ஆனால் அதில் போடும் சமையல் சோடா ஒரு கிராமில் சுமார் 270 மில்லிகிராம் சோடியம், உப்பில் இருக்கிற அதே சோடியம்தான். புளித்த மாவில் வார்த்த சாதா இட்லிக்குச் சோடா தேவையில்லை. இரண்டு இட்லி, சட்னி தனியாக, சாம்பார் ஒரே தடவை. காபிக்கு முன்கூட்டியே 'சக்கரெ பேடா', சர்க்கரை வேண்டாம், என்று சொல்லிவிட வேண்டும். வடை வேண்டுமென்றால் வாரம் ஒன்று, அதுவும் எண்ணெய் கறுக்காமல், நுரைக்காமல் இருக்கிற கடையில். சூடு போதாத எண்ணெயில் போட்ட வடை எண்ணெயைக் குடித்துவிடும், பிட்டால் விரலில் தெரியும்.

எல்லாவற்றையும்விட மாத்திரைதான் எனக்குப் பயம். கிளிமிபிரைடு என்கிற அந்தச் சர்க்கரை வியாதி மாத்திரையை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போய் வரிசையில் காத்திருந்தால் சர்க்கரை இறங்கிவிடலாம். கை நடுங்கும், வியர்க்கும். 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். தட்டு கைக்கு வந்த பிறகு மாத்திரை போடச் சொல். நான் சொன்னால் கேட்பதில்லை. சாம்பாரையும் சொல், ஒரே தடவை.

உன் புரமோஷன் அந்த மேசையில் எல்லாருக்கும் தெரியும், அப்பா அவ்வளவு பெருமையாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு அதை நீயே சொல்லியிருக்கலாம்.

இதையும் எழுதிவிடுகிறேன். ராத்திரி சமையலை நான் நிறுத்தி ஏழெட்டு மாதம் ஆகிறது. போனில் உன்னிடம் சப்பாத்தி, கூட்டு என்று சொன்னதெல்லாம் பொய். இரண்டு பேருக்காக அடுப்பு மூட்ட மனசு வரவில்லை. நான் டீயும் பிஸ்கட்டுமாக முடித்துக்கொள்கிறேன். அவர் பசித்துத்தான் போகிறார். அதை நாக்கு ருசி என்று உன்னிடம் புகார் சொன்னவள் நான், திட்டு வாங்கியவர் அவர். ஏன் என்று உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நாளையிலிருந்து ராத்திரிக்கு ரசமும் ஒரு காயும் வைக்கிறேன். எட்டு மணிக்குக் கூப்பிடு, இரண்டு பேரும் இருப்போம். முதலில் அப்பாவிடம் பேசு.

அம்மா