அம்மாவுக்கு வந்தது டிபி இல்லை

கன்னியாகுமரி மாவட்டக் காசநோய்ப் பிரிவு அதிகாரிகளுக்கும் நெஞ்சுநோய் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

தக்கலைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 63 வயது. இளவயதில் டிபி வந்து குணமானவர். பிறகு இருமல் விடாமல் பிடித்தபோது, ஒரு மருத்துவமனையில் சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து மறுபடி டிபி என்றார்கள். ஆறு மாதம் ஒரு நாள் தவறாமல் மாத்திரை போட்டும் இருமல் நிற்கவில்லை. சளி அப்போதும் பாசிட்டிவ். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று பழி அம்மா மேல் விழுந்தது.

மாறிவிடக் கூடாதென்று அம்மாவின் தம்ளரில் சிவப்பு நூல் கட்டியிருந்தோம். பேரன் மடியில் ஏற வந்தால் அம்மாவே எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார்.

கடைசியில் வேறொரு டாக்டர், சளியில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார். வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு சளியிலும் வளர்ந்தது மைக்கோபாக்டீரியம் ஏவியம் வகை. காசநோய்க் கிருமியின் குடும்பம்தான், ஆனால் மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்வது. பழைய டிபியால் தழும்பேறிய நுரையீரலில் எளிதாகக் குடியேறும். பொதுவாக ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. அன்று சாயங்காலமே நூலை அறுத்துப் போட்டேன்.

சாயம் ஏற்றிப் பார்த்தால் இரண்டு கிருமியும் ஒரே மாதிரிக் குச்சிகள்தான். லேப் டெக்னீஷியனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சிபிநாட் என்ற சளிப் பரிசோதனை காசநோய்க் கிருமியின் மரபணுவைத்தான் தேடுகிறது. ஸ்மியர், அதாவது மைக்ராஸ்கோப் பரிசோதனை, பாசிட்டிவ், சிபிநாட் நெகட்டிவ் என்று வந்தாலோ, மருந்து முடிந்தும் ஸ்மியர் மாறாவிட்டாலோ அந்தச் சளியைக் கல்ச்சருக்கு அனுப்பி, எந்த வகைக் கிருமி என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஆறு வாரம்கூட ஆகலாம். அம்மா இழந்தது ஆறு மாதம்.

ஒரு கல்ச்சர் மட்டும் போதாது என்பதும் உண்மை. தண்ணீரில் இருக்கும் கிருமி சாம்பிளில் தற்செயலாகவும் கலந்துவிடலாம். அதனால்தான் 2020ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல், அறிகுறியோடும் சிடி ஸ்கேனோடும் சேர்த்து, இரண்டு தனித்தனி சளியில் ஒரே வகை வளர வேண்டும் என்கிறது. நுரையீரலைக் கழுவி எடுத்த நீர் என்றால் ஒன்று போதும். வகை தெரிந்தால்தான் மருந்தை முடிவு செய்ய முடியும். ஏவியத்துக்கு அசித்ரோமைசினோடு வேறு மருந்துகளும் சேர்த்து, கல்ச்சர் நெகட்டிவ் ஆன பிறகும் ஒரு வருடம் கொடுக்கிறார்கள். இதே குடும்பத்தின் இன்னொரு கிருமியான அப்செசஸ் வகைக்கு வழக்கமான டிபி மாத்திரைகள் கேட்காது.

இதைப் படித்துவிட்டு டிபி மருந்து சாப்பிடுகிற யாரும் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போது வீட்டாரையும் கூப்பிட்டு, இது டிபி மாதிரி ஒட்டிக்கொள்ளாது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் சொன்னால் அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. தன் தம்ளரை இப்போதும் தனியாகக் கழுவி, தனியாகத்தான் கவிழ்த்து வைக்கிறார்.