டெண்டர் பிரிவில் இருப்போர் கவனத்துக்கு

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் பேட்ச்சில் பலர் அரசு அலுவலகங்களில் கொள்முதல் வேலை பார்க்கிறோம். போன மாதம் எனக்கு நடந்தது இது. மீன் இறங்குதள வேலைக்கான விலைப்புள்ளிகளைப் பிரித்தாயிற்று, ஒப்பீட்டுப் பட்டியல் என் மேசையில். ஆபீஸ் எதிர் டீக்கடையில் ஒப்பந்ததாரர் ஒருவர் பக்கத்தில் வந்து, "ரிட்டயர் ஆனதும் நம்ம கம்பெனிக்கு வந்துடுங்கண்ணே, தம்பிக்கும் ஒரு வேலை இருக்கு" என்றார். குடித்த டீ தொண்டையில் இறங்கவில்லை. தம்பி என்றது என் மகனை.

1988 ஊழல் தடுப்புச் சட்டத்தில் பணம் மட்டும் லஞ்சம் இல்லை. கோப்பில் சாதகம் செய்வதற்குக் கைம்மாறாக நமக்கோ பிள்ளைக்கோ வேலை வாங்குவதும் அதில் வரும். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. தயவுசெய்து லேசாக எடுக்காதீர்கள்.

1. "பார்க்கலாம்" என்று இழுக்காதீர்கள். வேண்டாம் என்று அங்கேயே சொல்லுங்கள்.
2. யார், எப்போது, என்ன சொன்னார் என்று அன்றே மேலதிகாரிக்கு எழுதிக் கொடுங்கள். நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.
3. அந்தக் கோப்பை வேறொருவருக்கு மாற்றச் சொல்லுங்கள்.
4. கம்பெனி பெயர் எதையும் குழுவில் போட வேண்டாம்.

வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு, ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் வழக்கமான இடத்தில் கூடிப் பேசுவோம். தொண்டி, கீழக்கரை ஆட்களும் அவசியம் வாருங்கள். வெள்ளிக்குள் பதில் போடுங்கள்.